கிட்டி ஹாக்கில் பார்க்க என்ன இருக்கிறது? – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

நார்த் கரோலினாவின் அவுட்டர் பேங்க்ஸ் கரைக்கு நண்பர்கள் குழுவோடு போய்வந்ததாக நீங்கள் எழுதியிருந்த குறிப்பைப் படித்தேன். நாங்கள் ராலேயில்தான் இருக்கிறோம். போன கோடையில் குடும்பத்தோடு அங்கே போனோம். ரைட் சகோதரர்கள் முதன்முதலில் விமானத்தில் பறந்த கிட்டி ஹாக் என்று அவ்வளவு தூரம் காரோட்டிப் போனால் ஒரு பெரிய புல்வெளி, ஒரு குன்று, அதன்மேல் ஒரு தூண். உள்ளே வைத்திருக்கிற விமானமும் அசல் இல்லை. அரை மணி நேரத்தில் பிள்ளைகள் கடலுக்குப் போகலாம் என்று நச்சரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். நீங்கள் ஒரு குழுவையே கூட்டிக்கொண்டு போய் அங்கே என்ன பார்த்தீர்கள் என்று தெரிந்துகொள்ள உண்மையிலேயே ஆசை. அப்புறம், இப்படிக் கூட்டமாகப் போனால் அது கடைசியில் பிக்னிக்காகத்தானே முடியும்?

அன்புடன்,
ம., ராலே

*

அன்புள்ள ம.,

நீங்கள் பார்த்த புல்லிலிருந்தே தொடங்குகிறேன். ரைட் சகோதரர்கள் பறந்த 1903-ல் அது அங்கே இல்லை. இப்போது தூண் நிற்கிற கில் டெவில் குன்று அன்று வெறும் மணல்மேடு. காற்று தள்ளத் தள்ள இடம் மாறிக்கொண்டே இருந்தது. அவர்கள் பறந்ததற்கும் நினைவுத்தூண் கட்ட முடிவானதற்கும் நடுவே இருந்த சுமார் இருபத்தைந்து வருடத்தில் குன்று ஏறக்குறைய 450 அடி தென்மேற்கே நகர்ந்துவிட்டது. நகர்கிற குன்றின் தலையில் 60 அடி உயரக் கருங்கல் தூணை எப்படி நிறுத்துவது? அதனால் முதலில் புல்லும் புதரும் நட்டு மணலை இறுக்கினார்கள். 1932 நவம்பரில் தூண் திறக்கப்பட்டது. நினைவிடம் எழுப்புவதற்காக அந்த இடத்தின் முகமே மாறிப்போனது. அங்கே நின்று உங்களுக்கு ஒன்றும் தோன்றவில்லை என்றால் அதில் ஆச்சரியப்பட ஏதுமில்லை.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. தெற்கே சில மைல் தள்ளி, நாக்ஸ் ஹெட்டில், ஜாக்கீஸ் ரிட்ஜ் என்று இன்னும் நகர்ந்துகொண்டிருக்கும் மணல்மேடு ஒன்று உண்டு. அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் அப்படிப்பட்ட மேடுகளில் அதுதான் உயரமானது. எங்கள் குழுவை முதலில் அங்கேதான் கூட்டிப்போனோம். மேலே ஏற ஏற காற்று மணலை வாரிக் கணுக்காலில் அடித்தது. பக்கத்தில் இருப்பவர் பேசுவதே சரியாகக் கேட்கவில்லை. சற்றுத் தள்ளி ஹேங் கிளைடர் (இன்ஜின் இல்லாத இறக்கையில் தொங்கிப் பறப்பது) பழகுகிறவர்கள் சரிவில் ஓடி, சில அடி உயரம் எழுந்து, பொத்தென்று மணலில் விழுந்து, சிரித்துக்கொண்டே எழுந்தார்கள். அதைப் பார்த்த பிறகு, ஒஹாயோவில் சைக்கிள் கடை வைத்திருந்த வில்பர் ரைட் 1900-ல் ஏன் இவ்வளவு தூரம் வந்தார் என்று யாருக்கும் விளக்கவேண்டி இருக்கவில்லை. ஓயாத காற்று, விழுந்தால் தாங்குகிற மணல், வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேராத தனிமை. மூன்றும் அங்கே இருந்தன.

அடுத்து நினைவிடம். தூணில் நான் அதிக நேரம் செலவழிக்கமாட்டேன். கீழே, விமானம் தரையை விட்டுக் கிளம்பிய இடத்தில் ஒரு பாறையும், அன்று பறந்த நாலு தடவையும் அது இறங்கிய இடங்களில் நாலு கற்களும் இருக்கின்றன. விஷயமெல்லாம் அங்கேதான். கூட்டமாகப் போவதன் பயனும் அங்கேதான் தெரிந்தது. ஒவ்வொரு கல்லுக்கும் ஓர் ஆளை நிறுத்தினோம். ஒருவர் பாறையருகே கைபேசியில் நேரம் பார்க்க, குழுவிலிருந்த ஒரு சின்னப் பையனை முதல் கல்வரைக்கும் ஓடச் சொன்னோம். 120 அடி. அதைப் பறந்து கடக்க வில்பரின் தம்பி ஆர்வில்லுக்கு 12 விநாடி ஆனது. பையன் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டு, “நான் ஃபர்ஸ்ட்!” என்று கத்தினான். விமானம் ஏன் அவ்வளவு மெதுவாகப் போனது என்று அவனே அடுத்துக் கேட்டான். 1903 டிசம்பர் 17 காலை 10:35 மணிக்கு அங்கே மணிக்கு 20 மைலுக்கு மேல் எதிர்காற்று வீசியது. தரையில் நின்று பார்த்தவர்களுக்கு விமானம் மணிக்கு 7 மைல் வேகத்தில்தான் போனது. ஆனால் இறக்கைக்கு வேண்டியது அதன்மேல் பாய்கிற காற்றின் வேகம். அது 30 மைலை ஒட்டி இருந்தது. கிளம்புவதற்காகத் தரையில் போட்டிருந்த தண்டவாளத்தில் விமானம் போனபோது வில்பர் இறக்கை நுனியைப் பிடித்தபடி கூடவே ஓட முடிந்ததும் அதனால்தான்.

முதல் மூன்று கற்களும் 120, 175, 200 அடியில் கிட்டக்கிட்ட நிற்கின்றன. நாலாவது 852 அடியில். அங்கே நின்ற நண்பரை நாங்கள் கத்திக் கூப்பிட்டும் அவர் காதில் விழவில்லை. கையை ஆட்டிக் கூப்பிட்டோம். நாலாவது தடவை வில்பர் 59 விநாடி பறந்தார். எண்களைப் புத்தகத்தில் படிக்கும்போது உறைக்காத அந்த இடைவெளி, ஆட்களை நிறுத்திப் பார்த்தபோது உறைத்தது. 12 விநாடியைத் தற்செயல் என்று யாராவது சொல்லலாம், 59 விநாடியை அப்படிச் சொல்ல முடியாது. உங்கள் பிள்ளைகளை அடுத்த முறை அங்கே ஓடவிடுங்கள். கடலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

நகல் விமானத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அசல் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2003-ல் நூற்றாண்டு விழாவின்போது மிகுந்த கவனத்தோடு செய்த இன்னொரு நகலை அதே இடத்தில் பறக்கவிட முயன்றார்கள். மழை, போதிய காற்றும் இல்லை. அது எழும்பாமல் சேற்றில் இறங்கியது. நகல்தானே என்று தாண்டிப் போகாமல் கிட்டே போய் நின்று பாருங்கள். அவ்வளவு துணியையும் மரத்தையும் கம்பியையும் 12 குதிரைத்திறன் இன்ஜின் தூக்கியிருக்கிறது.

ஆனால் நான் குழுவோடு போனதற்கு முதல் காரணம் இதெல்லாம் இல்லை. அந்தக் காலையில் அங்கே இன்னும் ஐந்து பேர் இருந்தார்கள். ஜான் டேனியல்ஸ், வில் டவ், ஆடம் எதெரிட்ஜ் மூவரும் பக்கத்துக் கடல் மீட்பு நிலையத்தின் ஊழியர்கள். பிரிங்க்லி மரம் வாங்க வந்த வியாபாரி. ஜானி மூர் உள்ளூர் இளைஞன். கனமான அந்த இயந்திரத்தைத் தண்டவாளத்துக்குத் தூக்கிவந்ததில் இவர்கள் கையும் உண்டு. நாமெல்லாம் பார்த்திருக்கிற அந்தப் புகைப்படத்தை எடுத்தவர் டேனியல்ஸ். அதற்கு முன் அவர் கேமராவைத் தொட்டதே இல்லை. ஆர்வில் முக்காலியில் பொருத்திக் குறிவைத்துக் கொடுத்தார், இவர் சரியான கணத்தில் ரப்பர் குமிழை அழுத்தினார். நாலாவது பறத்தலுக்குப் பிறகு ஒரு பலத்த காற்று விமானத்தைப் புரட்டியபோது, விடாமல் பிடித்துக்கொண்டு அதோடு சேர்ந்து உருண்டவரும் அவர்தான்.

இந்த மீட்பு ஊழியர்கள் யார் என்று தெரியாமல் அந்தக் கரையைப் பார்த்ததாகச் சொல்லமுடியாது என்று நினைக்கிறேன். கேப் ஹேட்டரஸ் அருகே வெப்ப நீரோட்டமும் குளிர் நீரோட்டமும் மோதுகின்றன, மணல்திட்டுகள் இடம் மாறிக்கொண்டே இருக்கின்றன. எத்தனையோ கப்பல்கள் அங்கே உடைந்திருக்கின்றன. அதனால் கரை நெடுகச் சில மைலுக்கு ஒரு மீட்பு நிலையம். அவற்றில் பீ ஐலண்ட் நிலையத்தில் இருந்த எல்லோரும் கறுப்பர்கள். தலைவர் ரிச்சர்ட் எதெரிட்ஜ் அடிமையாகப் பிறந்தவர். 1896 அக்டோபரில் புயலில் சிக்கிய நியூமன் என்ற கப்பலைப் படகால் நெருங்க முடியாமல், ஒரு தடவைக்கு இருவராகக் கயிற்றைக் கட்டிக்கொண்டு நீந்திப்போய், கப்பலில் இருந்த ஒன்பது பேரையும் ஒவ்வொருவராகக் கொண்டுவந்து சேர்த்தார்கள். கேப்டனின் மனைவியும் மூன்று வயதுக் குழந்தையும் அதில் உண்டு. அதற்கான தங்கப் பதக்கம் 1996-ல்தான் வந்தது, அவர்களில் ஒருவரும் உயிரோடு இல்லாதபோது. எங்கள் குழுவில் இதைக் கேட்டு நெடுநேரம் பேசாமலிருந்தவர்கள் உண்டு. எனக்கும் கோபம்தான் வந்தது.

வில்பர் முதலில் வந்து தங்கியது கிட்டி ஹாக்கில் பில் டேட் என்ற உள்ளூர்க்காரர் வீட்டில். டேட்டின் மனைவி ஆடியின் தையல் இயந்திரத்தில்தான் வில்பர் தன் முதல் கிளைடரின், அதாவது இன்ஜின் இல்லாத பரிசோதனை விமானத்தின், துணியை மாற்றித் தைத்தார். அந்த வருடப் பரிசோதனை முடிந்து கிளைடரை விட்டுவிட்டுப் போனபோது, ஆடி அந்தத் துணியை எடுத்துத் தன் இரண்டு மகள்களுக்கும் கவுன் தைத்துக்கொடுத்தார். இரண்டு பேரின் சாதனையாக மட்டும் பார்த்தால் அரை மணி நேரம் போதும்தான். இந்த மனிதர்களையும் சேர்த்துப் பார்க்க ஒரு வாரமும் போதாது.

பிக்னிக்காக முடியாதா என்று கேட்டிருந்தீர்கள். இரால் வறுவலும் இருந்தது, பாட்டும் இருந்தது, அதில் தப்பு ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. கிளம்புவதற்கு முன் ஆளுக்கொரு விஷயத்தைப் படித்துக்கொண்டு வரச் சொல்லியிருந்தோம். அங்கே போய் அவரவர் பகுதியை அவரவர் சொன்னார்கள். இன்ஜின் பற்றிச் சொன்ன நண்பர் கார் மெக்கானிக். சைக்கிள் கடையில் சார்லி டெய்லர் என்ற தொழிலாளி ஆறே வாரத்தில் இன்ஜின் செய்த கதையை அவர் சொன்ன மாதிரி எந்த வழிகாட்டியும் சொல்லியிருக்கமாட்டார்.

நீங்கள் மறுபடி போவதாக இருந்தால் முதலில் ஜாக்கீஸ் ரிட்ஜ், பிறகு நினைவிடம், மறுநாள் தெற்கே ரொடாந்தியில் உள்ள சிக்கமக்கோமிக்கோ மீட்பு நிலையம். அந்தக் காலக் கட்டடங்களையும் கருவிகளையும் அங்கே பார்க்கலாம். திரும்பும் வழியில் மேன்டியோவில் பீ ஐலண்ட் ஊழியர்களுக்கான சிறிய அருங்காட்சியகம் இருக்கிறது. அது எப்போது திறந்திருக்கும் என்று கிளம்புவதற்கு முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்.