பைக்கில் இயர் பிளக்: பஞ்சைத் தவிர எதையும் கேளுங்கள்

கேட்கும் திறனைச் சோதிப்பது என் வேலை. விடுமுறை என்றால் பைக்தான். முதல் பத்து வருடம் இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. அதற்குக் கூலியாக இடது காதில் ஒரு ‘ஙொய்’ சத்தம் குடியேறி, இன்றுவரை காலி செய்யவில்லை. சரி, பைக் ஓட்டும்போது சத்தத்தைக் குறைக்கக் காதில் செருகும் இயர் பிளக் பற்றிக் கேளுங்கள். அதற்குப் பதிலாகப் பஞ்சு வைக்கலாமா என்பவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: உதவாது.

நெடுவழி: என் வண்டி சத்தமே போடாது. ஹெல்மெட்டும் முகம் முழுக்க மூடும் நல்ல ஹெல்மெட். எனக்கும் பிளக் வேண்டுமா?

வண்டியை விடுங்கள், காற்றுதான் பிரச்சினை. மணிக்கு 60, 70 கிலோமீட்டரைத் தாண்டினால் எஞ்சின் சத்தத்தைக் காற்று விழுங்கிவிடும். 100 கிலோமீட்டர் வேகத்தில் ஹெல்மெட்டுக்கு உள்ளேயே 95 முதல் 100 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) சாதாரணம். காது எவ்வளவு தாங்கும் என்பதற்கு நாங்கள் வைத்திருக்கும் கணக்கு, 85 டெசிபல் என்றால் ஒரு நாளைக்கு 8 மணி நேரம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 94 என்றால் 1 மணி நேரம், 97 என்றால் அரை மணி, 100 என்றால் 15 நிமிடம். நீங்கள் நாலு மணி நேரம் ஓட்டுகிறவர்.

ஹெல்மெட் தடுக்காதா என்பீர்கள். அதன் உள்ளே இருக்கும் நுரை மண்டையைக் காக்க வைத்தது. காற்று ஹெல்மெட்டில் மோதிச் சுழல்வதால் எழும் அடித்தொண்டை இரைச்சலை அது பெரிதாகத் தடுப்பதில்லை. போதாக்குறைக்கு, தாடைக்குக் கீழே இருக்கும் இடைவெளி வழியாகவும் சத்தம் ஏறி வரும். அடுத்த முறை பின்சீட்டில் உட்கார்ந்து போகும்போது (ஓட்டும்போது வேண்டாம்!) அந்த இடைவெளியைக் கையால் மூடிப் பாருங்கள். வித்தியாசம் அங்கேயே தெரியும்.

மாலைப்பயணி: ஓட்டி முடித்ததும் காது அடைத்த மாதிரி இருக்கும், லேசாக இரையும். காலையில் சரியாகிவிடுகிறது. பயப்பட வேண்டுமா?

காலையில் சரியாவதுதான் இதில் ஏமாற்று வேலை. உட்காதில் ஒலியை உணரும் மயிரிழைச் செல்கள் களைத்துப்போனதன் அறிகுறிதான் அந்த அடைப்பும் இரைச்சலும். இன்று களைக்கும், நாளை களைக்கும், ஒருநாள் சாகும். மனிதக் காதில் அவை மறுபடி முளைப்பதில்லை. இப்படிப்பட்ட காதைச் சோதித்தால் வரைபடத்தில் 4000 ஹெர்ட்ஸ் பக்கம், அதாவது மேல்ஸ்தாயி ஒலிகளில், ஒரு பள்ளம் தெரியும். ஆள் என்ன சொல்வார் தெரியுமா? “கேட்குது சார், புரியத்தான் மாட்டேங்குது.” எதிரில் இருப்பவர் சொன்னது பாசமா பாடமா என்று ஊகிக்க வேண்டிவரும். கூட்டம் கூடிய இடத்தில் இன்னும் மோசம். ஒருமுறை பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

சிக்கனம்: பஞ்சு?

இல்லை.

கணக்குப்பிள்ளை: பாக்கெட்டில் 33 டெசிபல் குறைக்கும் என்று போட்டிருக்கிறது. 100-இல் 33 போனால் 67. அப்படியானால் நாள் முழுக்க ஓட்டலாமே?

அது ஆய்வகத்தில், பக்குவமாகச் செருகியபோது வந்த எண். பாதி நுனி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பிளக்குக்கு அந்த எண் பொருந்தாது. கையைக் கழுவிக்கொண்டு, ஃபோம் (நுரை) பிளக்கைச் சுருக்கம் விழாமல் மெல்லிய குச்சிபோல உருட்டுங்கள். எதிர்ப்பக்கக் கையைத் தலைக்கு மேலே கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்தால் துவாரம் நேராகும். உள்ளே விட்டு, விரிந்து முடியும்வரை 20, 30 விநாடி விரலால் பிடித்திருங்கள். பிறகு நீங்கள் பேசினால் உங்கள் குரல் குடத்துக்குள் பேசுவதுபோல் கேட்க வேண்டும். ஹெல்மெட் மாட்டும்போது பிளக் நகர்ந்தால் கழற்றி, மறுபடி முதலிலிருந்து.

மூன்றாம்கண்ணாடி: எல்லோரையும் செவிடாக ஓட்டச் சொல்கிறீர்கள். ஹார்ன், ஆம்புலன்ஸ் எப்படிக் கேட்கும்? எனக்குக் காதுதான் பின்னால் பார்க்கும் மூன்றாவது கண்ணாடி.

பிளக் காற்றையும் குறைக்கும், ஹார்னையும் குறைக்கும். இரைச்சலுக்கு மேலே ஹார்ன் எவ்வளவு எழும்பி நிற்கிறதோ, அது கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். வெயிலில் கறுப்புக் கண்ணாடி போட்டால் ரோடு தெரியாமலா போகிறது? கூச்சம் குறைந்து இன்னும் நன்றாகத் தெரியும். மிதமிஞ்சிய சத்தத்தில் காதுக்கும் அப்படி ஒரு கூச்சம் உண்டு.

மூன்றாம்கண்ணாடி: 100-இல் போகும்போது சரி. நெரிசலில் 30-இல் ஊரும்போது?

இதை ஒத்துக்கொள்கிறேன். மெதுவாகப் போகும்போது அமுக்கக் காற்றிரைச்சல் இல்லை. ஃபோம் பிளக் மேல்ஸ்தாயி ஒலிகளை அதிகமாக அமுக்குவதால் எல்லாம் மந்தமாகக் கேட்கும். அங்கே கழற்றிவிடலாம். அல்லது ஒலியைக் கொஞ்சம் உள்ளே விடும் ஃபில்டர் வைத்த பிளக் வாங்கலாம்.

முறுக்காதே: நான் பிளக் போட்ட முதல் நாள், 80 என்று நினைத்துப் பார்த்தால் முள் 105-இல் நிற்கிறது.

உண்மை. காற்றிரைச்சலை வைத்துத்தான் நாம் வேகத்தை மதிப்பிடுகிறோம் என்பது அது போன பிறகுதான் தெரியும். கொஞ்ச நாள் மீட்டரை அடிக்கடி பார்த்து ஓட்டுங்கள்.

மூன்றாம்கண்ணாடி: பார்த்தீர்களா! சரி, சமரசம். ஒரு காதில் மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

ஐயா, இருப்பதிலேயே மோசமான யோசனை இதுதான். சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதை மூளை இரண்டு காதுகளையும் ஒப்பிட்டுத்தான் கண்டுபிடிக்கிறது. ஒன்றை அடைத்தால் அந்த மூன்றாவது கண்ணாடியை நீங்களே உடைத்த மாதிரி. திறந்திருக்கும் காதும் கெடும். வைத்தால் இரண்டிலும் வையுங்கள், இல்லாவிட்டால் வேண்டாம்.

பேச்சுத்துணை: பிளக் போட்டால் ஹெல்மெட் ஸ்பீக்கரில் பேசுவது கேட்குமா?

கேட்கும். ஸ்பீக்கர் காதுத் துவாரத்துக்கு நேர் எதிரே இருக்க வேண்டும். இரண்டு விரல் அளவு தள்ளியிருந்தாலே பாதி போய்விடும். பிளக் போடாமல் காற்றுக்கு மேல் கேட்கட்டும் என்று வால்யூமை ஏற்றுவதுதான் ஆபத்து.

ஓசையறு: இரைச்சலை ரத்து செய்யும் இயர்பட்ஸ் போதாதா?

பெரும்பாலானவற்றைக் காதுப் பாதுகாப்புக் கருவியாக அளந்து விற்பதில்லை. ஹெல்மெட்டுக்குள் அழுத்தும், நகரும். உங்கள் சாலைச் சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேல்தட்டு: இன்னும் விலை கூடிய ஹெல்மெட் வாங்கினால்?

முதல் பதிலைப் படியுங்கள். வாங்கும் முன் ஒன்று பாருங்கள்: வண்டியில் காற்றைத் தடுக்கும் முன்கண்ணாடியின் விளிம்பில் உடையும் காற்று நேராக உங்கள் ஹெல்மெட்டில் மோதுகிறதா? காலியான நேர்ச்சாலையில் சீட்டிலிருந்து கொஞ்சம் எழுந்து நில்லுங்கள். இரைச்சல் குறைந்தால் குற்றவாளி ஹெல்மெட் இல்லை, முன்கண்ணாடி. உயரமான கண்ணாடி போட்டு நிலைமையை மோசமாக்கிக்கொண்டவர்கள் உண்டு.

அரிப்பு: கழற்றும்போது சுருக்கென்று வலிக்கிறது. பிறகு அரிக்கிறது.

பிடுங்குகிறீர்கள். திருகி, காற்று உள்ளே போகவிட்டு, மெதுவாக எடுங்கள். அரிப்பு அழுக்குப் பிளக்கால் இருக்கலாம். அமுக்கினால் பழைய வடிவத்துக்குத் திரும்பாத ஃபோமைத் தூக்கிப் போடுங்கள். காதில் சீழ், செவிப்பறையில் ஓட்டை, அடைத்த குரும்பி இதில் எது இருந்தாலும் முதலில் மருத்துவர், பிறகு பிளக்.

பழையவண்டி: இருபது வருடம் வெறுங்காதோடு ஓட்டியாயிற்று. இனிமேல் போட்டு என்ன?

போனது வராது. மிச்சத்துக்காகப் போடுங்கள். சாயங்காலம் எவ்வளவு குறைவாகக் களைத்திருக்கிறீர்கள் என்பது முதல் நீண்ட பயணத்திலேயே தெரியும்.

புதுவரவு: பஞ்சில் கொஞ்சம் எண்ணெய் தோய்த்து வைத்தால்?

எண்ணெய் தோய்த்த பஞ்சும் பஞ்சுதான்.

அவசரம்: டிஷ்யூ பேப்பர்?

பஞ்சின் தம்பி. உள்ளே கிழிந்து தங்கும், அதை எடுக்க ஆள் தேட வேண்டிவரும். வெயில் தாழ்ந்துவிட்டது, நான் வண்டியை எடுக்கிறேன். மீதியை அப்புறம் பார்க்கலாம்.