பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் கேட்டவை: பிரசவ வார்டு சிஸ்டர் பதில்கள்

தஞ்சாவூர்ப் பக்கம் பிரசவ வார்டில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் நான். பிரசவத்திலோ, பிறந்த சில நாளிலோ குழந்தையை இழந்தவர்கள் கேட்டிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மன்னார்குடி: மூன்றாம் நாள் பால் கட்டிக்கொண்டது. மாமியார் துணியால் இறுக்கிக் கட்டச் சொல்கிறார்.

இதைப் பலருக்கும் முன்கூட்டிச் சொல்லி அனுப்புவதில்லை. குழந்தை இல்லாவிட்டாலும் நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் உடம்பு பாலைச் சுரந்துவிடும். இறுக்கிக் கட்ட வேண்டாம், பால் தேங்கிச் சீழ் பிடிக்கலாம். தாங்கிப் பிடிக்கிற உள்ளாடை போடுங்கள், குளிர்ந்த ஈரத்துணி வையுங்கள். வலி தாங்காதபோது கொஞ்சம் மட்டும் பீய்ச்சிவிடுங்கள். மல்லிகைப்பூ வைத்துக் கட்டுவது நம் பக்கத்துப் பழக்கம். பாலை வற்றவைப்பதில் மாத்திரைக்கு ஈடாகப் பூவும் வேலை செய்ததாக 1988-இல் ஓர் ஆய்வே வெளிவந்தது. மாத்திரை வேண்டுமானால் டாக்டரிடம் கேளுங்கள், பிரஷர் இருந்தால் அதை மறக்காமல் சொல்லுங்கள். காய்ச்சல் வந்தாலோ மார்பு சிவந்தாலோ அன்றைக்கே போய்க் காட்டுங்கள்.

திருவையாறு: திருக்கருகாவூர் அம்மன் கோயிலுக்குப் போய் வேண்டிக்கொண்டோம், எண்ணெய்ப் பிரசாதமும் வாங்கினோம். இது யார் செய்த பாவம்?

யாரும் எந்தப் பாவமும் செய்யவில்லை. நஞ்சுக்கொடி முன்னதாகப் பிரிந்திருக்கலாம், பிரஷர் ஏறியிருக்கலாம், கிருமித் தொற்றாக இருக்கலாம். காரணமே தெரியாமல் போவதும் நிறைய. அம்மன் மேல் கோபம் வந்தால் கோபப்படுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியை மட்டும் பத்திரமாக வையுங்கள்.

கும்பகோணம்: முகத்தைக் காட்டாமலே அடக்கம் செய்துவிட்டோம். மகள் அதையே கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

நல்லது என்று நினைத்துத்தான் செய்தீர்கள். பார்த்தவர் நீங்கள், அதனால் இப்போதாவது சொல்லுங்கள். முடி எவ்வளவு இருந்தது, யார் ஜாடை, எந்தத் துணியில் சுற்றினீர்கள், எங்கே புதைத்தீர்கள், எல்லாம். வார்டில் ஒரு தாய் துணியை விலக்கிப் பிள்ளையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள். "நகம் நீளமா இருக்கு சிஸ்டர், முகத்தைக் கீறிக்கும்" என்றாள். அவளுக்கு அந்த நேரம் தேவைப்பட்டது.

திருவாரூர்: பச்சை உடம்புக்காரிக்கு இறந்த பிள்ளையைக் காட்டலாமா? எங்கள் காலத்தில் காட்டமாட்டோம். ஆறே மாதத்தில் எல்லாம் மறந்துபோகும்.

மறந்துபோனதா அம்மா, பேசாமல் இருந்தார்களா? கட்டாயப்படுத்திக் காட்டுங்கள் என்று நான் சொல்லவில்லை. அவள் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். ஆனால் கேட்க வேண்டியது அவளைத்தான்.

வேதாரண்யம்: எனக்கு 60 வயது. முதல் பிள்ளையைக் காட்டவில்லை. ஆணா பெண்ணா என்பதே ரொம்ப நாள் கழித்து நாத்தனார் சொல்லித்தான் தெரியும்.

திருவாரூர் அம்மா, இதை ஒரு தடவை படியுங்கள். தொட்டில், சட்டை, ஸ்கேன் படம், வளைகாப்பு வளையல் எதுவானாலும் சரி, அவளைக் கேட்காமல் எடுத்துப் போடாதீர்கள்.

மயிலாடுதுறை: அடுத்த குழந்தைக்கு எத்தனை மாதம் பொறுக்க வேண்டும்?

சிசேரியனா, என்ன காரணம் என்பதைப் பொறுத்தது, டாக்டர்தான் சொல்ல வேண்டும். தாய்க்கு நெகட்டிவ் குரூப் என்றால், அடுத்த குழந்தையைக் காக்க 72 மணி நேரத்துக்குள் போடவேண்டிய ஆன்டி-டி ஊசி போட்டார்களா என்று சம்மரியில் பாருங்கள்.

பாபநாசம்: அடுத்த குழந்தை எப்போது?

மேலே சொல்லிவிட்டேன். "அடுத்தது வந்தால் சரியாகிவிடும்" என்று அவளிடம் சொல்லாதீர்கள்.

பட்டுக்கோட்டை: ஜாதகம் பார்க்கலாமா?

என்னிடம் கேட்க வேண்டிய கேள்வி இல்லை.

நீடாமங்கலம்: குறுவை நடவு நேரம். மறுநாளே வயலுக்குப் போய்விட்டேன். கல்நெஞ்சு என்கிறாள் மனைவி.

ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால் நடவு காத்திருக்காது, தெரியும். ஆனால் வரப்பில் உட்கார்ந்து அழுதிருப்பீர்கள், அதை வீட்டில் சொன்னீர்களா? பெரியவர்கள் போனால் காரியம் முடியும்வரை ஜனம் வந்துகொண்டிருக்கும். பச்சைப்பிள்ளைக்குத் துக்கம் கேட்க ஆளே வருவதில்லை. அவளுக்கு நீங்களும் உங்களுக்கு அவளும்தான். ராத்திரி சாப்பிட்டபின் பக்கத்தில் உட்காருங்கள், பிள்ளையைப் பற்றி நீங்களே பேச்செடுங்கள்.

தஞ்சாவூர்: எட்டாம் மாதம் இறந்தே பிறந்தது. கம்பெனியில் 6 வாரம்தான் லீவு என்கிறார்கள்.

6 வார லீவு என்பது கருச்சிதைவுக்கு, அதாவது கர்ப்பத்தின் 26-ஆம் வாரம் வரைக்குள் கலைந்தால். இறந்து பிறந்ததையும் குழந்தை என்றே 1961-ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம் கணக்கில் எடுத்தது. மகப்பேறு விடுப்பையே எழுத்தில் கேளுங்கள். கர்ப்பம் 28 வாரம் தாண்டியிருந்தால், இறந்து பிறந்ததை 21 நாளுக்குள் பதிவும் செய்ய வேண்டும்.

நாகப்பட்டினம்: தங்கை சரியாகச் சாப்பிட்டு இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது. "நானும் அதோட போயிருக்கலாம்" என்கிறாள்.

மற்ற கேள்விகள் பொறுக்கும், இது பொறுக்காது. அவளைத் தனியாக விடாதீர்கள். வீட்டிலுள்ள பூச்சிமருந்தை இப்போதே வெளியேற்றுங்கள். அரசின் மனநல உதவி போன் டெலி மானஸ், எண் 14416, எந்த நேரமும் தமிழில் பேசலாம். இன்றைக்கே அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். கடையில் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுக்க வேண்டாம். அவள் சொன்ன அந்த வார்த்தையை டாக்டரிடம் அப்படியே சொல்லுங்கள்.