சவேரியாரின் கை

ஐயா,

கோவாவில் புனித சவேரியார் (16ஆம் நூற்றாண்டில் இங்கே மதம் பரப்ப வந்த பாதிரியார்) உடலை மக்கள் பார்வைக்கு வைத்தபோது வரிசையில் நின்று பார்த்தேன். பக்தி வரவில்லை, அருவருப்புதான் வந்தது. நான் சி.எஸ்.ஐ. (புராட்டஸ்டன்ட்), மனைவி ஆர்.சி. (கத்தோலிக்கர்). அவளிடம் இதைச் சொல்லவில்லை. எலும்பையும் தோலையும் வணங்கச் சொல்லி பைபிளில் எங்கே இருக்கிறது? நம்மூர் சமாதி வழிபாட்டைப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதானே இது?

ஜே., தூத்துக்குடி

அன்புள்ள ஜே.,

நம்மூரிலிருந்து போனதல்ல. 2ஆம் நூற்றாண்டிலேயே ஸ்மிர்னா நகரில் (இன்றைய துருக்கி) பாலிகார்ப் என்ற ஆயரை எரித்துக் கொன்றபோது, அவருடைய ஆட்கள் எலும்புகளைப் பொறுக்கியெடுத்து, ரத்தினங்களைவிட விலை உயர்ந்தவை என்று எழுதியும் வைத்தார்கள். பைபிளில் என்றால், எலிசாவின் எலும்பு பட்டுச் செத்தவன் எழுந்து நின்ற கதை 2 இராஜாக்கள் 13இல் இருக்கிறது, ஞாயிறு பள்ளியில் கேட்டிருப்பீர்கள். வணங்கு என்று அங்கே சொல்லவில்லை, அதுவும் சரிதான்.

உங்கள் அருவருப்பும் பழையதுதான். ரோமர்களுக்குப் பிணம் தீட்டு, ஊருக்குள் புதைக்கச் சட்டமே விடாது. கிறிஸ்தவர்களோ இறந்த புனிதரைத் தூக்கிவந்து பீடத்துக்கு அடியிலேயே வைத்தார்கள், மிலானில் ஆயர் அம்புரோஸ் 386இல் செய்தது அதைத்தான். அதற்கு முன்பே கிறிஸ்தவத்தை எதிர்த்த ரோமப் பேரரசர் ஜூலியன், உலகத்தையே கல்லறைகளால் நிரப்பிவிட்டீர்கள் என்று எரிச்சல்பட்டிருக்கிறார். உடல் மறுபடி எழும் என்று நம்புகிறவர்கள் உடலைக் கழித்துப்போட மாட்டார்கள், அதுவரை எனக்குப் புரிகிறது.

புரியாதது வெட்டுவது. சவேரியார் 1552 டிசம்பர் 3 அன்று சீனக் கரையை ஒட்டிய சான்சியான் தீவில் இறந்தார். சதை சீக்கிரம் கரைந்தால் எலும்பை எடுத்துப் போகலாம் என்று பெட்டிக்குள் சுண்ணாம்பைக் கொட்டித்தான் புதைத்தார்கள். அடுத்த பிப்ரவரியில் தோண்டினால் உடல் அப்படியே இருந்ததாம். மலாக்கா போய், 1554இல் கோவா வந்தது. அங்கே பாதத்தை முத்தமிடக் குனிந்த ஒரு போர்த்துகீசிய அம்மா கால்விரலைக் கடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்பார்கள். சரி, அது பக்தி முற்றிப்போன கேஸ். ஆனால் 1614இல் ரோமிலிருந்து, சவேரியார் சேர்ந்திருந்த துறவற சபையான இயேசு சபையின் தலைவரே உத்தரவு போட்டு வலது கையை முழங்கையோடு வெட்டி வரவழைத்தார், நிதானமாக யோசித்து, கடிதம் எழுதி! ரோமில் ஜேசு ஆலயத்தில் இன்றும் இருக்கிறது அந்தக் கை. 2018இல் கனடாவுக்குப் போனபோது விமானத்தில் அதற்குத் தனி இருக்கை.

ஏன் கை? ஞானஸ்நானம் கொடுத்த கை. கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துபோகிறது என்று சவேரியாரே 1544இல் எழுதியிருக்கிறார், அதுவும் உங்கள் தூத்துக்குடிப் பக்கத்து முத்துக்குளித்துறை ஜனங்களைப் பற்றி. இதைப் படித்த பிறகு அந்தக் கையை வெறும் எலும்பாகப் பார்க்க எனக்கே கொஞ்சம் சிரமமாகத்தான் இருக்கிறது, வெட்டியது தப்பு என்ற எண்ணம் மட்டும் மாறவில்லை.

அப்புறம், மனைவியிடம் தாராளமாகச் சொல்லுங்கள். அருவருப்பை மட்டும் சொல்லுங்கள். சமாதி வழிபாட்டு வாதத்தை எடுத்தால் நீங்கள்தான் தோற்பீர்கள்.