நன்கொடை இரண்டு தடவை போய்விட்டதா? வாசகர் கேள்வி-பதில்

தைப்பூசம், பங்குனி உத்திரம், ஆடித் திருவிழா என்று உபயம் கட்டும் மாதம் வந்தால் இந்தக் கேள்விகளும் கூடவே வந்துவிடுகின்றன. கெடா மாநிலத்தின் பாடாங் செராய், லூனாஸ் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து வந்தவற்றில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறோம்.

கோலாலம்பூரிலுள்ள ஓர் ஆசிரமத்தின் இணையத்தளத்தில் அன்னதானத்துக்கு 50 வெள்ளி (ரிங்கிட்) கட்டினேன். வங்கிச் செயலியில் ஒப்புதல் கொடுத்த பிறகு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது, பிறகு லைன் போய்விட்டது. மறுபடியும் கட்டினேன். இப்போது கணக்கில் 100 வெள்ளி குறைகிறது. வங்கியைக் கேட்பதா, ஆசிரமத்தைக் கேட்பதா?

முதலில் ஆசிரமத்தை. காரணம் தெரிந்தால் அலைச்சல் மிச்சம்.

எப்பிஎக்ஸ் (இணையத்தில் வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாகக் கட்டும் முறை) வழியாகக் கட்டும் பணத்துக்கு மூன்று இடங்களில் பதிவு விழுகிறது: ஆசிரமத்தின் தளம், நடுவிலிருக்கும் கட்டணச் சேவை நிறுவனம், உங்கள் வங்கி. நீங்கள் ஒப்புதல் கொடுத்ததும் வங்கி பணத்தைக் கழித்துவிடும். அதன் பிறகுதான் உங்கள் கைப்பேசி ஆசிரமத்தின் பக்கத்துக்குத் திரும்பி "நன்றி" என்று காட்டும். மரத்து நடுவே லைன் அறுவது பெரும்பாலும் இந்தக் கடைசி அடியில். நன்றிப் பக்கம் வரவில்லையே தவிர, காசு போய்ச் சேர்ந்திருக்கும். நீங்கள் மறுபடி கட்டியபோது தளம் புது ஆர்டர் எண் போட்டுவிட்டது. இரண்டு எண் இருந்தால் கணினிக்கு இரண்டு நன்கொடை. யாராவது மனிதர் பார்த்துச் சொன்னால் ஒழிய அது தானாகத் திருந்தாது.

வங்கியால் இதைப் பிடித்து இழுக்க முடியாது. அவர்கள் கணக்கில் இரண்டும் நீங்களே ஒப்புதல் கொடுத்து வெற்றிகரமாக முடிந்த கட்டணங்கள். ஆசிரமமோ அவர்களுடைய கட்டணச் சேவை நிறுவனமோதான் திருப்ப வேண்டும்.

வங்கிச் செயலியில் பரிவர்த்தனைப் பட்டியலைத் திறந்து இரண்டு வரியையும் படம் பிடித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றின் உள்ளே போனால் எப்பிஎக்ஸ் எண் இருக்கும். இரண்டு எண்ணும் வேறு வேறாக இருந்தால் உண்மையிலேயே இரண்டு தடவை போயிருக்கிறது. ஒரே எண் இரண்டு இடத்தில் தெரிந்தால், ஒன்று அறிவிப்பு, மற்றது பதிவு. பணம் ஒரு தடவைதான் போயிருக்கிறது. குறுஞ்செய்தியையும் மின்னஞ்சலையும் வைத்து எண்ணாதீர்கள், கணக்கின் மீதத்தை வைத்து எண்ணுங்கள்.

பிறகு ஆசிரமத்துக்கு மின்னஞ்சல் போடுங்கள். புலனத்தில் (வாட்ஸ்அப்) குரல் செய்தி அனுப்பினால் அது பொருளாளரிடம் போய்ச் சேருவதற்குள் பத்துப் பேர் கேட்டுவிட்டு மறந்திருப்பார்கள். இப்படி எழுதினால் போதும்: "இன்ன தேதி, இரவு 8.14க்கும் 8.19க்கும் 50 வெள்ளி இரண்டு தடவை கழிந்துள்ளது. எப்பிஎக்ஸ் எண்கள் இவை. முதலாவதை நன்கொடையாக வைத்துக்கொண்டு, இரண்டாவதைப் பணம் வந்த அதே கணக்குக்குத் திருப்ப வேண்டுகிறேன்." வங்கியின் பெயர், கணக்கில் உள்ள உங்கள் பெயர், தளத்தில் கொடுத்த மின்னஞ்சல் முகவரி மூன்றையும் சேருங்கள். கடவுச்சொல், ஓடிபி, அட்டையின் முழு எண் எதுவும் வேண்டாம். கேட்டால் கொடுக்கவும் வேண்டாம்.

கெடாவில் இருப்பவர்களுக்கு ஒன்று. நமக்கு வாரவிடுமுறை வெள்ளி, சனி. கோலாலம்பூர் அலுவலகங்களுக்கு சனி, ஞாயிறு. வியாழன் இரவு பணம் கட்டிச் சிக்கிக்கொண்டால் இரண்டு பக்கமும் ஒன்றாகத் திறந்திருக்கும் நாள் திங்கட்கிழமைதான். அதற்குள் "ஏமாற்றிவிட்டார்கள்" என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

அடுத்த தடவை வட்டம் சுற்றினால் "பின்னால்" பொத்தானையும் தொடாதீர்கள், பக்கத்தையும் புதுப்பிக்காதீர்கள். வங்கிச் செயலியைத் தனியாகத் திறந்து பணம் கழிந்ததா என்று பாருங்கள். கழியவில்லை என்று கண்ணால் கண்ட பிறகு மறுபடி கட்டுங்கள்.

சாமிக்குக் கொடுத்ததைத் திரும்பக் கேட்பது தோஷம் என்கிறார் என் மாமியார். கேட்கலாமா?

தாராளமாக. நீங்கள் மனசார நினைத்தது 50. மேலே போன 50 நேர்ந்துகொண்டது அல்ல, லைன் செய்த வேலை. சட்டமும் இதையே சொல்கிறது: தவறுதலாகக் கொடுக்கப்பட்ட பணத்தைப் பெற்றவர் திருப்பித் தர வேண்டும் என்பது 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆவது பிரிவு. பத்து வெள்ளி, இருபது வெள்ளி என்றால் விட்டுவிடுவது உங்கள் இஷ்டம். அப்படியானால் "இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு வரி எழுதிவிடுங்கள், அவர்கள் கணக்காவது நேராகும்.

டெபிட் அட்டையில் 150 வெள்ளி நன்கொடை கொடுத்தேன். முதல் தடவை "தோல்வி" என்றது, இரண்டாவது தடவை போனது. ஆனால் 300 வெள்ளி குறைந்திருக்கிறது.

அட்டையில் பணம் இரண்டு கட்டமாகப் போகிறது. முதலில் வங்கி அந்தத் தொகையைப் பிடித்து வைக்கும், பிறகுதான் உண்மையில் கழிக்கும். எண்ணெய் நிலையத்தில் அட்டையைச் செருகினால் 200 வெள்ளி பிடிபட்டு, நிரப்பிய தொகை போக மீதி பிறகு விடுபடுமே, அதே முறைதான். தோல்வியான தடவையில் பிடித்த 150 இன்னும் விடுபடாமல் இருக்கலாம். செயலியில் அந்த வரி "நிலுவையில்" என்று இருந்தால் சில வேலை நாள் பொறுங்கள், தானாகத் திரும்பும். இரண்டு வரியும் முழுமையாகப் பதிவாகிவிட்டால் அறநிறுவனத்திடம் கேளுங்கள். அட்டைப் பணம் அதே அட்டைக்குத்தான் திரும்பும். இரண்டு வாரம்கூட ஆகலாம்.

அவர்கள் அசையவில்லை என்றால் எப்பிஎக்ஸில் இல்லாத ஒரு வசதி இங்கே உண்டு. உங்கள் வங்கியில் "சார்ஜ்பேக்", அதாவது அட்டையில் போன பணத்தை வங்கி வழியாகவே திரும்பப் பெறும் வழியை, கேட்கலாம். விசா, மாஸ்டர்கார்டு விதிகளில் இதற்குப் பொதுவாக 120 நாள் அவகாசம், ஆனால் வங்கிகள் தங்கள் படிவத்தை அதற்கு வெகு முன்பே எதிர்பார்க்கின்றன. மாதக் கணக்கறிக்கை வந்ததும் போய்விடுங்கள். அறநிறுவனத்துக்கு எழுதிய மின்னஞ்சலின் நகலையும் கொண்டு போங்கள்.

டூயிட்நவ்வில் (கைப்பேசி எண்ணை வைத்தே பணம் அனுப்பும் வசதி) கோயில் தலைவரின் பழைய கைப்பேசி எண்ணுக்கு 300 வெள்ளி அனுப்பிவிட்டேன். அந்த எண் இப்போது வேறு யாரிடமோ இருக்கிறது.

அனுப்புமுன் திரையில் பெறுபவரின் பெயர் வந்திருக்கும், அதைப் படிக்காமல் தாண்டிவிட்டீர்கள். பரவாயில்லை, இதற்கென்றே விதி இருக்கிறது. அந்த ஆளைத் தேடிப் போகாமல் இன்றைக்கே உங்கள் வங்கிக்குப் போங்கள். தவறான பரிமாற்றம் என்று சொல்லி மீட்புக் கோரிக்கை கொடுங்கள்.

நாள்கணக்கு இதில் முக்கியம். அனுப்பிய 10 வேலை நாளுக்குள் கோரிக்கை போனால், தவறுதலாகத்தான் வந்தது என்று பெறுபவரின் வங்கிக்குத் தெளிவாகி, அந்தக் கணக்கில் போதிய பணமும் இருந்தால், அந்த வங்கி ஒரே வேலை நாளில் திருப்பி அனுப்ப வேண்டும். 11ஆவது வேலை நாளிலிருந்து 7 மாதம் வரை என்றால் பெறுபவருக்குத் தெரிவித்து, அது தனக்கே உரியது என்று காட்ட அவகாசம் கொடுத்த பிறகுதான் எடுக்க முடியும். 7 மாதம் தாண்டினால் அவர் சம்மதித்தால்தான் உண்டு. ஒவ்வொரு கட்டத்திலும் கணக்கில் பணம் இருக்க வேண்டும் என்பதைக் கவனியுங்கள். அவர் செலவழித்துவிட்டால் விதி உதவாது.

எங்கள் தோட்டக் கோயிலின் கணக்கில் ஒருவர் திருப்பணிக்கு 1,000 வெள்ளி இரண்டு தடவை போட்டிருப்பதாகச் சொல்லி ரசீதுப் படம் அனுப்பினார். அதிகப்படியை அவசரமாக மகனுடைய கணக்குக்கு அனுப்பச் சொல்கிறார். அனுப்பலாமா? – பொருளாளர்

அனுப்பாதீர்கள். அவர் நல்லவராகவே இருக்கலாம், ஆனால் இந்தக் கோரிக்கையில் மோசடியின் மூன்று அடையாளமும் இருக்கின்றன: படம், அவசரம், வேறு பெயரில் கணக்கு.

ரசீதுப் படம் பணமல்ல. யார் வேண்டுமானாலும் ஐந்து நிமிடத்தில் எண்களை மாற்றிவிடலாம். கோயில் கணக்கில் நீங்களே உள்நுழைந்து இரண்டு தொகையும் வந்திருக்கிறதா என்று பாருங்கள். காசோலையாக வந்திருந்தால் இன்னும் கவனம். போட்ட அன்று கணக்கில் தெரிந்தாலும் மறு வேலை நாளில் திரும்பி வரலாம். நீங்கள் "அதிகப்படி"யை அனுப்பிய பிறகு காசோலை திரும்பினால் நட்டம் கோயிலுக்கு.

பணம் உண்மையாகவே இரண்டு தடவை வந்திருந்தாலும் அது வந்த கணக்குக்கே திரும்ப வேண்டும். மகன், மச்சான், ரொக்கம் எதுவும் கூடாது. திருடப்பட்ட கணக்கிலிருந்து பணத்தைக் கோயிலுக்கு அனுப்பி, சுத்தமான பணமாக வேறு கணக்கில் வாங்கிக்கொள்வது தெரிந்த தந்திரம். பிறகு போலீஸ் தேடி வரும்போது இடையில் நிற்பது உங்கள் கோயிலின் கணக்கு. அவர் கொடுத்த கணக்கு எண்ணைப் போலீஸின் "செமாக் மூல்" தளத்தில் போட்டுப் பாருங்கள், ஏற்கெனவே புகார் இருந்தால் காட்டும். அங்கே பெயர் இல்லை என்பதற்காக நம்பிவிடவும் கூடாது. புது மோசடிக் கணக்கு உடனே அதில் ஏறியிருக்காது.

திருப்பும்போது பேமென்ட் வவுச்சர் எழுதி இரண்டு பேர் கையெழுத்திடுங்கள், கூட்டக் குறிப்பில் ஏற்றுங்கள், இரண்டாவது ரசீதை "ரத்து" என்று எழுதி அடிக்கட்டையோடு வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக் கணக்கைச் சங்கப் பதிவிலாகாவுக்குக் காட்டும்போது இந்த மூன்றும் கேட்கப்படலாம்.

இன்னொரு சங்கடமும் பல கோயில்களில் உண்டு. ஒரே நாளில் முப்பது பேர் 51 வெள்ளி போடுவார்கள். வங்கி அறிக்கையில் பெயர் பாதியில் வெட்டுப்பட்டு, தகப்பன் பெயர் இல்லாமல் நிற்கும். நான்கு "சுப்பிரமணியம்" இருந்தால் யார் இரண்டு தடவை கட்டினார் என்று எப்படிச் சொல்வது? குறிப்புப் பகுதியில் பெயரோடு கைப்பேசியின் கடைசி நான்கு எண்ணை எழுதும்படி உபயப் பட்டியலிலேயே அச்சடித்துவிடுங்கள். கோயில் கியூஆர் இன்னும் உங்கள் சொந்தக் கணக்கில் இருந்தால் அதை முதலில் மாற்றுங்கள். சங்கப் பதிவுச் சான்றிதழ், சட்டவிதி, கணக்குத் திறக்கும் தீர்மானம், கையெழுத்திடுவோரின் அடையாள அட்டை இருந்தால் சங்கத்தின் பெயரிலேயே கணக்குத் திறக்கலாம்.

இரண்டு தடவை போன 500 வெள்ளிக்கு இரண்டு ரசீது வந்தது. ஒன்றைத் திருப்பிவிட்டார்கள். வருமான வரியில் எவ்வளவு காட்டுவது?

500 மட்டும். திரும்பிய ரசீதையும் காட்டுவது பொய்க் கணக்கு. டிசம்பரில் கட்டி ஜனவரியில் திரும்பினாலும் அதேதான்.

அதைவிட முக்கியமான கேள்வி, அந்த ரசீது வரிக் கழிவுக்குச் செல்லுமா என்பது. சங்கப் பதிவு வேறு, வரி வாரிய அங்கீகாரம் வேறு. 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் 44(6) பிரிவின் கீழ் அங்கீகரிக்கப்பட்ட அமைப்புக்குக் கொடுத்தால்தான் தனிநபருக்கு மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரை கழிவு. ரசீதில் அந்த அங்கீகார எண் இருக்க வேண்டும். அமைப்பின் பெயர் வரி வாரியத்தின் தளத்திலுள்ள பட்டியலில் இருக்க வேண்டும். பணமாகக் கொடுத்தது மட்டுமே இதில் சேரும், அரிசி மூட்டையும் எண்ணெய் டின்னும் சேராது. ரசீது உங்கள் பெயரில், உங்கள் அடையாள அட்டை எண்ணோடு இருக்கட்டும். கணவர் கணக்கிலிருந்து கட்டி மனைவி பெயரில் ரசீது வாங்கினால் விளக்கம் சொல்ல நேரும். ஏழு ஆண்டு பத்திரப்படுத்துங்கள்.

ஒரு தடவைதான் கொடுத்தேன், மாதா மாதம் 30 வெள்ளி போகிறது.

படிவத்தில் "மாதந்தோறும்" என்ற கட்டம் முன்கூட்டியே குறியிடப்பட்டிருந்திருக்கும். நிறுத்தச் சொல்லி அறநிறுவனத்துக்கு எழுதுங்கள், பதில் இல்லாவிட்டால் அந்த மின்னஞ்சலோடு வங்கிக்குப் போங்கள். அட்டையை மாற்றினால் நின்றுவிடும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள்.

கோயில் வாசலில் ஒட்டியிருந்த கியூஆரில் கட்டினேன், யாரோ ஒருவர் பெயர் வந்தது. இன்னொரு நாள் நோயாளிக் குழந்தைக்கு உதவ ஒரு செயலியை இறக்கச் சொல்லிப் புலனத்தில் இணைப்பு வந்தது.

முதலாவது, அசல் கியூஆர் மேல் வேறொன்றை ஒட்டியிருக்கலாம். நகத்தால் ஓரத்தைச் சுரண்டிப் பாருங்கள், கோயில் பொறுப்பாளரிடம் உடனே சொல்லுங்கள். நிர்வாகிகள் வாரம் ஒரு தடவை தாங்களே ஒரு வெள்ளி கட்டிப் பெயர் சரியா என்று பார்ப்பது நல்லது.

இரண்டாவதைத் தொடாதீர்கள். நன்கொடை கொடுக்க எந்தச் செயலியையும் இணைப்பிலிருந்து இறக்கத் தேவையில்லை. அப்படி வருவது கைப்பேசியைப் பிடித்து வங்கிக் கணக்கைக் காலி செய்வதற்கு. ஏற்கெனவே இறக்கியிருந்தால் கைப்பேசியின் இணையத்தை அணைத்துவிட்டு, வேறொரு கைப்பேசியிலிருந்து வங்கியின் அவசர எண்ணையோ தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் 997ஐயோ கூப்பிடுங்கள். பிறகு போலீஸ் புகார். இங்கே 10 வேலை நாள் கணக்கெல்லாம் பார்க்காதீர்கள், ஒவ்வொரு நிமிடமும் காசு.

வங்கி எங்கள் தவறில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டது. வேறு வழி?

நிதிச் சந்தை குறைதீர்ப்புச் சேவை, சுருக்கமாக எப்எம்ஓஎஸ். 2025 ஜனவரி 1 முதல் இயங்குகிறது, கட்டணமில்லை. வங்கியின் இறுதிப் பதிலின் தேதியிலிருந்து 6 மாதத்துக்குள் போக வேண்டும். 60 நாளாகியும் வங்கி பதிலே தராவிட்டாலும் போகலாம். வங்கி, மின்பணப்பை போன்றவற்றின் மீதான புகாரை மட்டுமே அது எடுத்துக்கொள்ளும். பணத்தை வைத்துக்கொண்டு இழுத்தடிப்பது ஒரு சங்கம் என்றால் புகார் போக வேண்டிய இடம் சங்கப் பதிவிலாகா. வங்கி தந்த கடிதத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அந்த 6 மாதம் அதிலுள்ள தேதியிலிருந்துதான் ஓடுகிறது.