பந்து வருவதற்கு முன்னால் எங்கே பார்க்கிறான்? – வடசென்னைக் கால்பந்துப் பசங்களுக்காக ஒரு கேள்வி பதில்

வியாசர்பாடிப் பக்கம் இருபது வருடத்துக்கு மேலாகக் காலையில் பசங்களுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுக்கிறேன். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பயிற்சி முடிந்ததும், பெற்றோர், பசங்க, பக்கத்து ஏரியாவில் புதிதாகக் கோச்சிங் தொடங்கியிருக்கும் தம்பிகள் எல்லோரிடமும் சந்தேகங்களைச் சீட்டில் எழுதித் தரச் சொன்னேன். நிறைய வந்தன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டுப் பதில் எழுதியிருக்கிறேன்.

என் பையனுக்கு 7 வயசு. கிரவுண்டில் எல்லாப் பிள்ளைகளும் பந்து பின்னாலேயே கும்பலாக ஓடுகிறார்கள். நீங்கள் யாருக்கும் இடம் பிரித்துக் கொடுப்பதில்லையே, ஏன் சார்? (ஒரு அம்மா, கொடுங்கையூர்)

வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன், அம்மா. அந்த வயதில் பந்து எங்கே இருக்கிறதோ அங்கேதான் விளையாட்டு. "நீ பேக் (பின்னால் நின்று தடுப்பவன்), அங்கேயே நில்" என்று 7 வயசுப் பிள்ளையை நிறுத்தினால், அவன் மண்ணில் கோடு போட்டுக்கொண்டிருப்பான். பந்து அவன் பக்கம் வரும்போது என்ன செய்வதென்று தெரியாது.

அதற்குப் பதிலாக ஆட்டத்தைச் சின்னதாக்குகிறேன். நாலு பேருக்கு நாலு பேர், கோலி (கோல்கீப்பர்) கிடையாது, இரண்டு செங்கல்தான் கோல். இப்படி ஆடினால் ஒவ்வொருவன் காலிலும் பந்து திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும். பதினொரு பேர் ஆட்டத்தில் விட்டால் பெரிய பசங்க இரண்டு பேர் ஆடுவார்கள், மற்றவர்கள் ஓடுவார்கள், அவ்வளவுதான். 9, 10 வயதில் கும்பல் தானாகக் கலையும். இடம் பற்றி அப்போது பேசினால் புரியும்.

வீட்டில் பந்து வாங்குவதாக இருந்தால் 3ஆம் நம்பர் வாங்குங்கள். 8 வயதிலிருந்து 12 வரை 4, அதற்கு மேல் 5. அண்ணனுடைய 5ஆம் நம்பர் பந்தைத் தம்பிக்குக் கொடுக்காதீர்கள். அது 400 கிராமுக்கு மேல் இருக்கும். சின்னக் கால் அதை உதைக்க உடம்பையே வளைக்கும், அந்த வளைவு அப்புறம் போகவே போகாது.

என்னிடம் 25 பசங்க, 4 பந்து. கிரவுண்டில் பாதி கல், மீதியில் கிரிக்கெட் ஆடுகிறார்கள். எப்படிப் பயிற்சி கொடுப்பது அண்ணா? (புளியந்தோப்பு)

தம்பி, நான் தொடங்கியபோது என்னிடம் இரண்டு பந்துதான் இருந்தது. அதனால் இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் வரிசையை ஒழித்துவிடு. ஒரு பந்து, ஒரு கோல், பின்னால் 12 பேர் வரிசையில் நின்று ஆளுக்கு ஒரு ஷாட் என்று வைத்தால், ஒரு மணி நேரத்தில் ஒருவன் காலில் பந்து படும் நேரம் இரண்டு நிமிடம்கூட இருக்காது. மீதி நேரமெல்லாம் ஒருவனை ஒருவன் தள்ளிக்கொண்டிருப்பான். நீயும் கத்திக்கொண்டிருப்பாய்.

நாலு பந்தையும் நாலு மூலைக்குப் பிரி. ஒரு மூலையில் "நடுவுல ஒருத்தன்": ஐந்து பேர் வட்டமாக நிற்க, நடுவில் இருப்பவன் பந்தைப் பறிக்க வேண்டும், யாரிடம் பறித்தானோ அவன் உள்ளே போக வேண்டும். இரண்டாவது மூலையில் மூன்று பேருக்கு மூன்று பேர், செருப்புதான் கோல். மூன்றாவது மூலையில் சுவர் இருக்கிறதா பார். சுவரைவிடப் பொறுமையான பாஸிங் மாஸ்டர் கிடையாது. நீ எப்படி அடிக்கிறாயோ அப்படியே திருப்பிக் கொடுக்கும். இரண்டு இரண்டு பேராக ஒருவன் அடிக்க, அடுத்தவன் ட்ராப் செய்ய (காலால் பந்தை அடக்கி நிறுத்த) வேண்டும், வலதில் பத்து, இடதில் பத்து. நாலாவது மூலையில் ஒருவனுக்கு ஒருவன், 30 செகண்டு, உடனே அடுத்த ஜோடி. மீதமிருக்கும் இரண்டு மூன்று பேர் பந்தில்லாமல் ஓட்டமும் தாவலும் செய்யட்டும். எட்டு நிமிடத்துக்கு ஒருமுறை விசில் அடித்து மூலையை மாற்று.

கல் பொறுக்குவதைப் பயிற்சியிலேயே சேர்த்துவிடு. எங்கள் பசங்க வந்ததும் முதல் ஐந்து நிமிடம் வரிசையாக நடந்து கல், கண்ணாடித் துண்டு பொறுக்குவார்கள், நானும் பொறுக்குவேன். முட்டி கிழிவது குறைந்தது. அந்தக் கிரவுண்டில் குப்பை போடுவதையும் அவர்களே நிறுத்திவிட்டார்கள், நான் சொல்லவில்லை.

கிரிக்கெட்காரர்களிடம் சண்டைக்குப் போகாதே. காலை 5.45க்கு வந்துவிடு, அவர்கள் 7 மணிக்குத்தான் வருவார்கள்.

நான் நல்லா டிரிபிள் பண்ணுவேன். மூணு பேரை வெட்டிட்டுப் போவேன். ஆனா கோச் "பாஸ் பண்ணு, பாஸ் பண்ணு"ன்னு கத்துறார். எது சரி? (13 வயது, வியாசர்பாடி)

தம்பி, வெட்டத் தெரிவது பெரிய சொத்து. அதை யாருக்காகவும் விடாதே. எந்த இடத்தில் வெட்டுகிறாய் என்பதை மட்டும் பார்.

2023 ஆகஸ்டில் டியூராண்ட் கோப்பைப் போட்டியில், கொல்கத்தாவின் பரம எதிரிகளான இரண்டு அணிகளில் ஈஸ்ட் பெங்கால் மோகன் பகானை 1-0 என்று ஜெயித்தது. நாலு வருடத்துக்கு மேல் மோகன் பகானை ஜெயிக்காமல் இருந்த அணி அது. கோல் போட்டது நம்ம சென்னை நந்தகுமார் சேகர். ஓரத்திலிருந்து பாக்ஸுக்குள் (கோலுக்கு முன்னால் இருக்கும் பெரிய கட்டத்துக்குள்) ஒரு ஆளை வெட்டி வந்து அடித்தார். அந்த இடத்தில் பந்து பறிபோயிருந்தாலும் அணிக்குப் பெரிய நஷ்டமில்லை, கிடைத்தால் கோல். அங்கே வெட்டு. உன் கோலுக்கு முன்னால், நடுவில், உன் பேக் எல்லாம் மேலே ஏறியிருக்கும்போது வெட்டினால், பறிபோன அடுத்த நொடி எதிரி உன் கோலிக்கு முன்னால் நிற்பான். அங்கே பாஸ்.

இன்னொன்று சொல்கிறேன், இதுதான் எனக்கு முக்கியம். உன் கோச் "பாஸ்" என்று கத்துவது, நீ தலை தூக்காமல் ஆடுவதைப் பார்த்தும் இருக்கலாம். 2017-18 சீசனில் சென்னையின் எஃப்.சி. ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) கோப்பையை வென்றபோது நடுக்களத்தில் ஆடிய தனபால் கணேஷ் உன் வியாசர்பாடிக்காரர்தான். நேரு ஸ்டேடியத்தில் கோவாவுக்கு எதிரான அரையிறுதியில் தலையால் ஒரு கோலும் போட்டார். நடுக்களத்தில் அவருடைய இடத்தில் நிற்பவனுக்கு நாலு பக்கமும் எதிரி. பந்து கைக்கு, சரி, காலுக்கு வந்த பிறகு யோசிக்க நேரமே கிடையாது. வருவதற்கு முன்னாலேயே வலது தோள், இடது தோள் இரண்டின் மேலாகவும் பின்னால் பார்த்திருக்க வேண்டும்.

இதை நாளையே பழகலாம். நண்பன் ஒருவனை உன் பின்னால் நிற்கச் சொல். முன்னால் இருப்பவன் உனக்குப் பாஸ் கொடுப்பான். பந்து உருண்டு வரும்போது பின்னால் நிற்பவன் விரலைக் காட்டுவான். பந்தைத் தொடுவதற்குள் திரும்பிப் பார்த்து எத்தனை விரல் என்று சொல்ல வேண்டும். முதல் நாள் பந்து காலுக்கடியில் ஓடிவிடும். இரண்டு வாரத்தில் பழகிவிடும். பார்த்துவிட்டு, வெட்டுவதா பாஸா என்று நீயே முடிவெடு. உன் கோச் கத்துவது தானாகக் குறையும் என்று நினைக்கிறேன்.

மேட்ச் நடக்கும்போது வெளியிலிருந்து நான் சொல்லிக்கொடுப்பது என் மகனுக்குப் பிடிக்கவில்லை. நானும் சின்ன வயசில் ஆடியவன்தான். (ஒரு அப்பா, திருவொற்றியூர்)

சார், உங்கள் ஆசை எனக்குப் புரிகிறது. நானும் முதல் ஐந்தாறு வருடம் கோட்டோரம் நின்று ஒவ்வொரு பாஸையும் கத்தித்தான் ஆடவைத்தேன். ஒருநாள் தொண்டை கட்டிக்கொண்டது, பேச முடியவில்லை. அன்றைக்குப் பசங்க ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டு ஆடினார்கள். "பின்னாடி ஆள்", "டைம் இருக்கு", "திரும்பு" என்று அவர்களே சொன்னார்கள். அன்றிலிருந்து நிறுத்திவிட்டேன்.

நீங்கள் "அடி" என்று கத்தும் நேரத்தில் அவன் பாஸுக்கு ஆள் தேடிக்கொண்டிருப்பான். இரண்டும் நடக்காது. ஆட்டத்துக்கு முன்னால் ஒரே ஒரு விஷயம் சொல்லுங்கள். இடைவேளையில் அதைப் பற்றி மட்டும் கேளுங்கள். திரும்பும் வழியில் அவனே ஆரம்பித்தால் பேசுங்கள், இல்லையென்றால் டிபன் வாங்கிக் கொடுங்கள். கை தட்டத் தடையில்லை, எதிரணிப் பிள்ளை நல்ல கோல் போட்டாலும் தட்டுங்கள்.

12 வயதுக்குட்பட்ட அணிக்கு ஆஃப்சைடு ட்ராப் சொல்லிக்கொடுக்கலாமா? (கொருக்குப்பேட்டை)

வேண்டாம். பேக் எல்லோரும் ஒரே நொடியில் முன்னே ஏறி எதிரியை ஆஃப்சைடில் மாட்டவைக்கும் வித்தை அது; ஒருவன் இரண்டு அடி பின்னால் நின்றால் எல்லாம் போச்சு. அந்த வயதில் ஆஃப்சைடு விதி மட்டும் தெரிந்தால் போதும்: பாஸ் கிளம்பும் நொடியில், பந்தையும் எதிரணியின் கடைசிக்கு முந்தின ஆளையும் தாண்டி அவர்கள் கோல் பக்கம் நிற்பவன் அந்தப் பந்தை ஆடக் கூடாது. தன் பாதியில் நிற்பவனுக்கு ஆஃப்சைடு கிடையாது, த்ரோ, கார்னர், கோல் கிக் மூன்றிலும் நேராக வாங்கினால் கிடையாது.

அதைவிட, தனியாக எதிரியை எதிர்கொள்வதைச் சொல்லிக்கொடுங்கள். நம் தெருவில் ஆடிய பசங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதிரி வந்தவுடன் காலை விட்டுவிடுவார்கள். சின்னச் சந்தில் அது பலிக்கும், சுவர் உதவிக்கு இருக்கும். பெரிய கிரவுண்டில் காலை விட்டால் அவன் ஒரு தட்டில் போய்விடுவான். வேகமாக நெருங்க வேண்டும், கடைசி இரண்டு மூன்று அடியில் வேகத்தைக் குறைத்துச் சின்னச் சின்ன எட்டு வைக்க வேண்டும். நெஞ்சைக் காட்டி நிற்காமல் பாதி பக்கவாட்டில், முட்டியை மடித்து நின்று, உள்பக்கத்தை அடைத்து அவனைக் கோட்டோரம் தள்ளிக்கொண்டே போக வேண்டும். கண் பந்தின் மேல் இருக்கட்டும், அவன் இடுப்பாட்டத்தை நம்பாதே. அவன் பந்தைக் கொஞ்சம் தள்ளித் தட்டும் நொடியில்தான் கால். அதுவரை அவனைத் தாமதப்படுத்தினாலே பாதி வேலை முடிந்தது, நம் ஆட்கள் பின்னால் வந்துவிடுவார்கள்.

ஹெட்டிங் (பந்தைத் தலையால் முட்டுவது) பழகினால் மூளைக்குக் கெடுதல் என்கிறார்களே? (ஒரு அம்மா, தண்டையார்பேட்டை)

பயம் நியாயமானதுதான். அமெரிக்காவில் 2015லேயே 10 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகளுக்கு ஹெட்டிங் வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். இங்கிலாந்தில் 2020இல் தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சியில் ஹெட்டிங் வேண்டாம் என்றார்கள். நானும் 12 வயது வரை சொல்லிக்கொடுப்பதில்லை. அப்புறம் லேசான பந்தில், கையால் மெதுவாகத் தூக்கிப் போட்டு, நெற்றியில் வாங்க, கண்ணை மூடாமல், ஒரு நாளைக்குச் சில தடவை மட்டும்.

ஹெட்டிங்கைவிடத் தலையும் தலையும் மோதுவதுதான் எனக்குப் பயம். மோதினால் அன்றைக்கு அந்தப் பிள்ளைக்கு ஆட்டம் முடிந்தது, "நல்லா இருக்கேன் சார்" என்று அழுதாலும் இறக்க மாட்டேன். வாந்தி, தூக்கக் கலக்கம், பேச்சில் குழப்பம் இருந்தால் உடனே ஆஸ்பத்திரி.

11 வயசுப் பையன். ஆடிவிட்டு வந்தால் குதிகால் வலிக்கிறது என்கிறான். எண்ணெய் தேய்த்தால் போதுமா? (எண்ணூர்)

தேய்த்து நீவிவிட்டு மறுநாளே அனுப்பாதீர்கள். 8லிருந்து 14 வயதுக்குள் எலும்பு வளரும் இடத்தில் இழுவிசையால் இந்த வலி வருவதுண்டு, குதிகாலிலும் முட்டிக்குக் கீழேயும். பெரும்பாலும் ஓய்வு கொடுத்தால் அடங்கும். நொண்டி நடந்தாலோ, வீங்கினாலோ, இரவில் வலித்தாலோ எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள்.

எனக்கு 16 வயதில் கணுக்கால் பிசகியிருந்தபோது, அன்றைக்கு இருந்த கோச் ஸ்பிரே அடித்து ஃபைனலில் இறக்கினார். ஜெயித்தோம். அந்தக் கால் இன்றைக்கும் மழைக்காலத்தில் வலிக்கிறது. அதனால்தான் வலி என்று சொல்லும் பிள்ளையை நான் நம்பிவிடுகிறேன். பொய் சொல்பவன் ஒருநாள் உட்காரட்டும், பரவாயில்லை.

வார்ம்-அப்பை ஒழுங்காகச் செய்ய வேண்டும். 14 வயதுக்கு மேல் 'ஃபிஃபா 11+' என்று ஒரு முறை இருக்கிறது, ஓட்டம், தசைப்பலம், சமநிலை என 15 பயிற்சி, 20 நிமிடம் ஆகும். சின்னப் பிள்ளைகளுக்கு அதிலேயே தனி வகை உண்டு. நம் மண் கிரவுண்டிலும் செய்யலாம்.

என்ன சாப்பிட்டு வரவேண்டும்? (நிறைய பேர்)

காலை 6 மணிக்கு ஒரு வாழைப்பழமும் தண்ணீரும். முடிந்ததும் இட்லி, முட்டை. மதியம் வீட்டில் மீன் இருந்தால் அதைவிட நல்லது கடையில் விற்கும் எந்த டப்பாவிலும் இல்லை. வெயில் காலத்தில் உப்புப் போட்ட மோர், நீராகாரம். கலர் குளிர்பானம் வேண்டாம். ஏப்ரல், மே மாதங்களில் காலை 8 மணிக்கு மேல் நான் பயிற்சி வைப்பதில்லை.

பூட்ஸ் இல்லாமல் ஆடலாமா? (10 வயது, காசிமேடு)

பயிற்சியில் கேன்வாஸ் ஷூ போதும்டா கண்ணா. மேட்ச் என்றால் ஷின் கார்டு (முட்டிக்குக் கீழே காலின் முன்பக்க எலும்பைக் காக்கும் தகடு) கட்டாயம், அது விதியிலேயே இருக்கிறது. அட்டையை மடித்து சாக்ஸுக்குள் சொருகாதே. என்னிடம் நாலு ஜோடி இருக்கிறது, கேள்.

பத்தாம் வகுப்பு வந்துவிட்டது. ஒரு வருடம் நிறுத்திவிடட்டுமா? (பெரம்பூர்)

முழுசாக நிறுத்த வேண்டாம். வாரத்துக்கு மூன்று காலை, ஒரு மணி நேரம். பிப்ரவரிக்கு மேல் டோர்னமெண்ட் வேண்டாம். விளையாட்டை வைத்துப் படிப்பிலும் வேலையிலும் இட ஒதுக்கீடு கிடைக்கிறது, ஆனால் அதற்கு மார்க் ஷீட்டும் வேண்டும். தினமும் ஓடியாடிய உடம்பை மொத்தமாகக் கட்டிப்போட்டால் படிப்பிலும் மனசு நிற்காது, இதை நிறைய பிள்ளைகளிடம் பார்த்துவிட்டேன்.

பசங்களோடு ஆடும்போது யாரும் எனக்குப் பாஸ் கொடுப்பதில்லை. வீட்டிலும் "இன்னும் எத்தனை நாளைக்கு" என்கிறார்கள். (14 வயதுப் பெண், ராயபுரம்)

வீட்டுக்குச் சொல்ல இரண்டு விஷயம் தருகிறேன், பாப்பா. மதுரையின் சேது எஃப்.சி. பெண்கள் அணி 2018-19இல் இந்திய மகளிர் லீகையே ஜெயித்தது. அந்த அணிக்கும் இந்தியாவுக்கும் ஆடிய கடலூர் இந்துமதி கதிரேசன், தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர்.

பாஸ் விஷயம் என் பொறுப்பு. இனி உன் அணியில் ஒரு விதி வைக்கிறேன்: எல்லோர் காலிலும் பந்து பட்ட பிறகு போடும் கோல்தான் கணக்கு. நீ செய்ய வேண்டியது, எதிரி முதுகுக்குப் பின்னால் ஒளிந்து நிற்காமல், பந்து வைத்திருப்பவன் கண்ணுக்குத் தெரியும் இடத்துக்கு நகர்ந்து சத்தமாகக் கேட்பது. உன் குரல் எனக்குக் கேட்பதேயில்லை. அம்மா அப்பாவையும் ஞாயிறு 6 மணிக்குக் கூட்டி வா. ஓரத்தில் பெஞ்ச் போட்டு வைக்கிறேன்.