ஊர் வாயும் ஐந்து நட்சத்திரமும்

கேள்வி: ஒவ்வொருவரின் நடத்தையையும் பார்த்து சமூக மதிப்பெண் போடும் முறை வந்தால், 'நான், எனது' என்று திரியும் தனிமனிதவாதம் ஒழிந்து எல்லோரும் சமூகத்துக்குக் கட்டுப்பட்டு நடப்பார்கள் அல்லவா? ஒழுங்காக இருப்பவனுக்கு என்ன பயம்? சீனாவில் ஏற்கெனவே எல்லோருக்கும் மதிப்பெண் போட்டுவிட்டார்களாமே?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். போடவில்லை. சீனக் குடிமக்கள் அனைவருக்கும் நாடு தழுவிய ஒரே மதிப்பெண் என்று எதுவும் கிடையாது. 2014-ல் அந்நாட்டு அரசு 2020 வரைக்குமான ஒரு திட்டத்தை அறிவித்தது. அதையொட்டியும் அதற்கு முன்பும் பின்பும் பல ஏற்பாடுகள் தனித்தனியாக வந்தன. நீதிமன்றம் கட்டச் சொன்ன பணத்தைக் கட்டாதவர்களின் கறுப்புப் பட்டியல் அவற்றில் ஒன்று. அதில் பெயர் ஏறினால் விமானத்துக்கும் அதிவேக ரயிலுக்கும் டிக்கெட் கிடைக்காது. ஷான்தோங் மாகாணத்தின் ரோங்செங் நகரம் தலைக்கு 1000 புள்ளியில் ஆரம்பித்து ஏற்றி இறக்கிப் பார்த்தது. 2015-ல் தனியார் நிறுவனம் ஒன்று கொண்டுவந்த செசமி கிரெடிட் 350 முதல் 950 வரை மதிப்பெண் போட்டது. இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதில் பிறந்ததுதான் நீங்கள் கேள்விப்பட்ட செய்தி.

சரி, முக்கியமான கேள்விக்கு வருகிறேன். மதிப்பெண் வந்தால் மனிதர்கள் ஒருவரோடு ஒருவர் பிணைந்து வாழ்வார்கள் என்று எதை வைத்து நம்புகிறீர்கள்? செசமி கிரெடிட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அது கணக்கில் கொள்வதாகச் சொன்ன ஐந்து அம்சங்களில் ஒன்று, உங்கள் தொடர்பு வட்டம். நீங்கள் யாரோடு பழகுகிறீர்கள் என்பதும் உங்கள் மதிப்பெண்ணைத் தொடும் என்று தெரிந்த பிறகு, கடனில் மூழ்கிய நண்பனைப் பக்கத்தில் வைத்திருப்பீர்களா? கூட்டு வாழ்க்கை என்றால் விழுந்தவனைத் தூக்க நாலு கை நீள வேண்டும். மதிப்பெண்ணோ நாலடி தள்ளி நிற்கச் சொல்கிறது.

இன்னொன்றும் நடந்தது. கறுப்புப் பட்டியலில் இருப்பவருக்கு போன் செய்தால், வழக்கமான மணியோசைக்குப் பதிலாக, 'நீங்கள் அழைப்பவர் நீதிமன்றம் கட்டச் சொன்ன பணத்தைக் கட்டாதவர்' என்கிற மாதிரி அறிவிப்பு கேட்கும்படி சீனாவின் சில ஊர்களில் ஏற்பாடு செய்தார்கள். அழைப்பது யாராக இருக்கும்? அவர் மகளாக இருக்கலாம். வேலை கொடுக்கலாமா என்று யோசிப்பவராகவும் இருக்கலாம். வேலை கிடைத்தால்தானே ஐயா அவர் கடனைக் கட்டுவார்?

ஆக, தனிமனிதவாதம் ஒழியவில்லை. புள்ளி ஆளாளுக்குத் தனித்தனி, கண்காணிப்பு மட்டும் கூட்டு. என் புள்ளியை நான்தான் காப்பாற்ற வேண்டும், அடுத்தவன் புள்ளி போனால் எனக்கென்ன என்பதைவிடப் பெரிய தனிமனிதவாதம் எது? தனிமனிதவாதத்தில் உருப்படியாக இருந்த ஒன்று, 'எனக்குச் சரி என்று படுவதைச் செய்வேன்' என்ற துணிச்சல். மதிப்பெண் அதைத்தான் முதலில் பறிக்கிறது.

நாலு பேர் நாலு விதமாகப் பேசுவது எந்தக் காலத்திலும் இருந்ததுதானே என்பீர்கள். இருந்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஆனால் ஊர் வாய்க்கு மறதி உண்டு. பேசியது யார் என்று தெரியும், வாசலில் போய் நின்று சண்டை பிடிக்கலாம். முடியாவிட்டால் வேறு ஊருக்குக் குடிபோகலாம். (ஊர் வாயை நான் புகழவில்லை. அது எத்தனையோ பேரை, முக்கியமாகப் பெண்களை, வதைத்திருக்கிறது.) மதிப்பெண்களைச் சேர்த்துவைக்கும் கணினித் தரவுத்தளத்துக்கு மறதியும் இல்லை, வாசலும் இல்லை. போதாக்குறைக்கு, நீங்கள் போகிற ஊருக்கு உங்களுக்கு முன்பே அது போய்ச் சேர்ந்துவிடும்.

'ஒழுங்காக இருப்பவனுக்கு என்ன பயம்' என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. அமெரிக்காவில் ஊபர் வாடகைக் கார் ஓட்டுநருக்குப் பயணிகள் ஐந்துக்குத் தரும் நட்சத்திரங்களின் சராசரி 4.6-க்குக் கீழே இறங்கினால் செயலியில் அவர் கணக்கே முடக்கப்படலாம் என்ற நிலை பல நகரங்களில் இருந்தது. ஐந்து பயணிகளில் மூன்று பேர் ஐந்து நட்சத்திரமும் இரண்டு பேர் நான்கும் கொடுத்தால் சராசரி எவ்வளவு? சரியாக 4.6. ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை, இரண்டு பேர் 'நல்லது' என்றார்கள், அவ்வளவுதான். அதற்கே அந்த ஓட்டுநர் விளிம்பில் நிற்கிறார். அவர் என்ன ஒழுங்குகெட்டவரா?

பயம் வந்த இடத்தில் உண்மை தங்காது. ஈபே என்ற இணையச் சந்தைத் தளத்தில் முன்பு வாங்குபவரும் விற்பவரும் பரஸ்பரம் மதிப்பிடலாம். உடைந்த பொருள் வந்து சேர்ந்தது என்று வாங்கியவர் உள்ளதைச் சொன்னால், விற்றவர் பதிலுக்கு அவர் பெயரைக் கெடுத்து எழுதிவிடுவார். எதற்கு வம்பு என்று உடைந்த பொருளுக்கும் 'அருமை' என்று எழுதியவர்கள் உண்டு. கடைசியில் 2008-ல், விற்பவர் வாங்குபவருக்கு எதிர்மறை மதிப்பீடு தரவே முடியாது என்று விதியை மாற்ற வேண்டி வந்தது. ஒரு சந்தைத் தளத்திலேயே இந்தப் பாடு. அண்டை வீட்டாரையும் ஆசிரியரையும் இப்படி மதிப்பிடச் சொன்னால், ஊரே பல்லிளித்துக்கொண்டு திரியும். அதற்குப் பெயர் ஒற்றுமையா?

1951-ல் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் செய்த சோதனையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஓர் அட்டையில் ஒரு கோடு, இன்னொன்றில் மூன்று கோடுகள். எது சம நீளம் என்று சொல்ல வேண்டும், குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆனால் அறையில் மற்ற எல்லோரும் ஏற்கெனவே பேசிவைத்தபடி தவறான கோட்டைக் காட்டுவார்கள். சோதனைக்கு ஆளானவர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் ஒரு தடவையாவது கூட்டத்தோடு சேர்ந்து தப்பாகச் சொன்னார்கள். இதைச் சொல்பவர்கள் அடுத்த பகுதியை விட்டுவிடுவார்கள். கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியான கோட்டைக் காட்டினால் போதும், இப்படிப் பணிந்து போவது வெகுவாகக் குறைந்துவிட்டது. கூட்டம் புத்தியோடு இருக்க அந்த ஒருவர் தேவை. வாயைத் திறந்தால் புள்ளி குறையும் என்றால் அந்த ஒருவராக யார் நிற்பார்? நீங்கள் நிற்பீர்களா?

மதிப்பீடே கூடாது என்பதல்ல என் கட்சி. தச்சர் நன்றாக வேலை செய்கிறாரா என்று நாலு பேரிடம் விசாரிப்பதில் என்ன தப்பு? அந்த விசாரணை தச்சு வேலையோடு நிற்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம் கிட்டத்தட்ட இங்கேதான் கோடு போடுகிறது. ஓரிடத்து நடத்தைக்குப் போட்ட மதிப்பெண்ணை வைத்து, சம்பந்தமில்லாத இன்னோர் இடத்தில் ஒருவருக்குப் பாதகம் செய்வதை அது தடை செய்கிறது. நடத்தைக்குப் பொருந்தாத அளவுக்குக் கடுமையாகத் தண்டிப்பதும் கூடாது. 2025 பிப்ரவரி முதல் இந்தத் தடை அமலில் இருக்கிறது. 'ஓரிடத்தில் நம்பிக்கை இழந்தால் எல்லா இடத்திலும் கட்டுப்பாடு' என்ற சீன முழக்கத்துக்கு நேர் எதிர்த் திசை.

அப்புறம், கூட்டு என்றால் என்னவென்று பார்க்க நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023 ஏப்ரலில் சொன்ன தீர்ப்புகளைப் படியுங்கள். கணினி சொன்னதன் பேரில் கணக்கு முடக்கப்பட்ட ஊபர் ஓட்டுநர்கள் சிலர், எங்கள் விஷயத்தில் மனிதர் யாராவது உட்கார்ந்து யோசித்தாரா என்று கேட்டார்கள். பெயருக்குத்தான் மனிதத் தலையீடு இருந்தது என்று நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. ஒவ்வொரு ஓட்டுநரும் கோரியது தன்னைப் பற்றிய தகவலின் மேல் தனக்குள்ள தனிப்பட்ட உரிமையை. அவர்களுக்குப் பின்னால் நின்று வழக்கை நடத்த உதவியது அவர்களுடைய சங்கம்.