வாசகர் கேள்வி: சாக்குத் துணியில் தைத்த சாட்சி

கேள்வி: ஓவியக் கல்லூரியில் சேரப் போவதாகப் பிடிவாதம் பிடிக்கிறாள் என் மகள். யாரும் கண்டுகொள்ளாத ஜனங்களின் கதையைச் சொல்லி அவர்களுக்கு நியாயம் வாங்கித் தர முடியும் என்கிறாள். உண்மையிலேயே நடக்கிற காரியமா?
– ஒரு வாசகி, பழனி

பதில்: நடந்திருக்கிறது அம்மா. அதைச் செய்தவர்களில் பலர் ஓவியமே படிக்காத பெண்கள்.

சிலி நாட்டில் 1973 செப்டம்பர் 11 அன்று ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ராணுவத் தளபதி பினோசெட்டின் ஆட்சியில் ஆட்களை வீடு புகுந்து தூக்கிக்கொண்டு போவார்கள், எங்கே என்று கேட்டால் அப்படி யாரையும் பிடிக்கவே இல்லை என்று கையை விரிப்பார்கள். பத்திரிகைகள் வாய் திறக்க முடியாத காலம். அப்போதுதான் தலைநகர் சாந்தியாகோவில், காணாமல் போனவர்களின் தாய்மாரும் மனைவிமாரும் திருச்சபை ஆதரவில் நடந்த பட்டறைகளில் கூடி, கோணித் துணியின் மேல் பழைய துணித் துண்டுகளை வைத்துத் தைத்தார்கள். இந்தத் துணிப் படங்களுக்கு அர்பியேரா என்று பேர். சாக்குத் துணி என்றுதான் அர்த்தம்.

என்னவெல்லாம் தைத்தார்கள் தெரியுமா? சிறை வாசலில் காத்து நிற்கும் பெண்கள், 'எங்கே இருக்கிறார்கள்?' என்ற பதாகை, வேலை போன குடும்பங்கள் சேர்ந்து பொங்கிச் சாப்பிட்ட பொது அடுப்பு. பின்னால் ஆண்டீஸ் மலை, மேலே பளிச்சென்று ஒரு சூரியன். காணாமல் போனவரின் சட்டையையே வெட்டித் தைத்தவர்களும் உண்டு, அதை நினைத்தாலே எனக்குத் தொண்டை அடைக்கிறது. பார்க்கக் குழந்தை விளையாட்டு மாதிரி இருக்கும் இந்தத் துணிகள் ரகசியமாக நாடு கடந்து விற்பனையாகி, சிலியில் நடப்பதை வெளியுலகுக்குச் சொல்லின. அந்தப் பணத்தில் வீட்டில் அடுப்பும் எரிந்தது.

சரி, நியாயம் கிடைத்ததா என்றால், முழுசாக இல்லை. 1990இல் பினோசெட் ஆட்சி போனது. ஆனால் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் என்ன ஆனார்கள் என்பது இன்னும் தெரியவில்லை. அதற்காகத் தைத்தது வீண் என்று நான் சொல்ல மாட்டேன், நடக்கவே இல்லை என்று அரசாங்கம் சாதித்த காலத்தில் நடந்தது என்று சொன்ன சாட்சி அது.

மகளைச் சேர்த்துவிடுங்கள். ஒன்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்: சிலியில் கதைக்குச் சொந்தக்காரிகள் கையில்தான் ஊசி இருந்தது. இன்னொருத்தர் வேதனையை வரைகிறவள் முதலில் அவர்கள் பக்கத்தில் போய் உட்கார வேண்டும், படம் விற்றால் காசு யாருக்கு என்பதையும் அப்போதே பேசிவிட வேண்டும்.

அப்புறம், அந்தத் துணிகளின் படங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. இரண்டு பேரும் சேர்ந்து பாருங்கள், சூரியனுக்குக் கீழே யார் யார் நிற்கிறார்கள் என்று.